பழைய ஃபைபர் படகு வாங்குவதற்கு முன்: காற்றும் கடலுமாக இருக்கிற நாளுக்கு எது தாங்கும்?

மணலில் ஏற்றி, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, புதுப் பெயின்ட் பளபளக்க நிற்கிற படகு எல்லாமே அழகாகத்தான் இருக்கும். நான் சொந்தமாக வாங்கிய முதல் படகும் அப்படித்தான் நின்றது. நீலமும் வெள்ளையும், அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், ஒரு மாலை, கைக்கு அடங்குகிற விலை. ஐப்பசியில் வாங்கினேன், கார்த்திகை முடிவதற்குள் புத்தி வந்துவிட்டது.

அன்றைக்கு நல்ல பாடு, வலை நிறைய மீன். மத்தியும் கொஞ்சம் கானாங்கெளுத்தியுமாக ஏற்றிக்கொண்டு நாலு பேர் திரும்பிக்கொண்டிருந்தோம், வாடைக்காற்று விடியலிலிருந்தே ஏறிக்கொண்டிருந்தது, கரைக்கு முன்னால் அலை உடைகிற இடத்துக்கு வந்தபோது பின்னாலிருந்து ஒன்று எழும்பி வந்தது. அந்த நேரத்தில் அமரம், அதாவது படகின் பின்பக்கம், அலையோடு சேர்ந்து எழும்ப வேண்டும். எங்களுடையது எழும்பவில்லை. கல்லைக் கட்டிப் போட்ட மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தது. அலை பின்பலகையைத் தாண்டி உள்ளே வந்து இன்ஜினை அணைத்தது, அடுத்த அலைக்குப் படகு குறுக்கே திரும்பியது, அதற்கடுத்ததில் கவிழ்ந்தது. கழுத்தளவு தண்ணீருக்கு வந்துவிட்டிருந்ததால் ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, வலை போனது. மறுநாள் படகைக் கரையேற்றி, பின்பக்க மிதவைப் பெட்டியின் அடியில் ஒரு துளை போட்டோம். குழாயைத் திறந்துவிட்ட மாதிரி அரை மணி நேரம் உப்புத்தண்ணீர் ஊற்றியது. அவ்வளவு தண்ணீரையும் சுமந்துகொண்டுதான் ஒரு மாதமாகத் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன்.

அதனால் இதை எழுதுகிறேன். இத்தனை நாள் அடுத்தவர் படகில் பங்குக்குப் போய்க்கொண்டிருந்து இப்போது சொந்தமாக ஒரு பழைய படகு பார்க்கிறவர்களுக்கு, 28 அடி முதல் 32 அடி வரையிலான ஃபைபர் படகைத்தான் மனதில் வைத்துச் சொல்கிறேன். பழைய படகு பார்க்கும்போது எல்லோரும் இன்ஜின் எத்தனை வருஷம், எவ்வளவு வேகம் போகும் என்றுதான் கேட்கிறோம். பாரத்தோடு திரும்பி வருகிற அந்தக் கடைசி அரை மணி நேரத்தில் இது எப்படி நடந்துகொள்ளும் என்று கேட்பதில்லை. வாங்குவது அந்த அரை மணி நேரத்துக்காகத்தான்.

முதலில் உங்கள் கரையைப் பாருங்கள்

படகு பார்க்கப் போகும் முன் உங்கள் ஊர்க் கடலை ஒரு முறை வெளியாள் கண்ணால் பாருங்கள். துறைமுகத்துக்குள் கட்டுகிறீர்களா, திறந்த மணலில் ஏற்றுகிறீர்களா, முகத்துவாரம் வழியாகப் போகிறீர்களா? மூன்றுக்கும் ஒரே படகு பொருந்தாது.

சென்னையிலிருந்து கோடியக்கரை வரை திறந்த மணல் கரைகளில் பிரச்சினையே கரையடி அலைதான், அதிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அலை தன் உயரத்தைப் போல ஏறக்குறைய ஒன்றேகால் மடங்கு ஆழத்துக்கு வந்தால் உடைந்துவிடும் என்று ஒரு கணக்கு உண்டு. ஒன்றரை மீட்டர் அலை என்றால் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தண்ணீரில் உடையும். அந்த இடத்தைத் தாண்டத்தான் படகு வேண்டும். கோடியக்கரையைத் தாண்டி பாக் விரிகுடாவுக்குள் போனால் கதை வேறு. அங்கே பெரும்பாலும் 15 மீட்டருக்குள் ஆழம், கரையில் அலை அடங்கிக் கிடக்கும், ஆனால் காற்று ஏறினால் நெருக்கமாக, குட்டையாக, செங்குத்தாக அலை அடிக்கும். ஒன்றில் ஏறி இறங்குவதற்குள் அடுத்தது வந்து முகத்தில் அறையும். கன்னியாகுமரி மேற்குக் கரைக்காரர்களுக்கு ஆனி, ஆடியில் வருகிற தென்மேற்குப் பருவக்காற்றுதான் எதிரி. பழவேற்காடு மாதிரி மணல் அடைகிற முகத்துவாரம் என்றால் அலையோடு நீரோட்டமும் மோதும், போதாததற்கு ஆழம் மாறிக்கொண்டே இருக்கும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், வேறு கரையில் நன்றாக ஓடிய படகை விலை மலிவு என்று இங்கே கொண்டுவந்து ஏமாறுகிறவர்கள் நிறைய. அணியம் கூர்மையாக, அடி ஆழமாக வி வடிவத்தில் இறங்குகிற படகு அலையைக் கிழித்துக்கொண்டு போகும், உள்ளே தூவானம் குறைவு, துறைமுகத்தில் கட்டுகிறவருக்கு அதைவிட நல்லது இல்லை. அதையே மணலில் ஏற்றினால் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொள்ளும், அடுத்த அலை அதன் மேல் ஏறும். அடி தட்டையாக இருக்கிற படகு மணலில் நேராக உட்காரும், ஆனால் எதிர் அலையில் ஒவ்வொரு தடவையும் பலகையில் அறைந்த மாதிரி விழும், அந்த அறையில்தான் அடியின் கண்ணாடி நார் விட்டுப்போகத் தொடங்குகிறது. மணல் கரைக்காரருக்கு என் கணக்கு: முன்பக்கம் கூர்மையாக ஆரம்பித்து, அகலமாக மேலே விரிந்து, நடுவிலிருந்து பின்பக்கம் போகப் போக அடி தட்டையாகிற படகு. முன்பக்கம் மேலே விரிந்திருந்தால்தான் அலைக்குள் குத்தும்போது மிதந்து எழும்பும். அணியம் குச்சி மாதிரி ஒல்லியாக நிமிர்ந்திருக்கிற படகு எதிர் அலையில் அழகாகப் போகும், அலையோடு சேர்ந்து ஓடி வரும்போது மூக்கைக் குத்திக் குறுக்கே திரும்பும்.

மிதவைப் பெட்டிதான் முதல் சோதனை

நம் பெரியவர்கள் கரையடி அலைக்குக் கண்டுபிடித்த வழி கட்டுமரம். அதில் தண்ணீர் நிற்க இடமே இல்லை. ஏறுகிற அலை இடுக்கு வழியாக வழிந்துவிடும், கவிழ்ந்தாலும் மரம் மிதக்கும், திருப்பிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கட்டுமரம் இருந்த இடத்தில் ஃபைபர் படகுகள் கூட்டமாக வந்து இறங்கின. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் ஃபைபர் படகு ஒரு கிண்ணம். தண்ணீர் ஏறினால் நிற்கும். கண்ணாடி நாரும் ரெசினும் சேர்ந்த பொருள் தண்ணீரைவிடக் கனமானது, தானாக மிதக்காது. கவிழ்ந்தாலும் நிரம்பினாலும் படகு முழுகாமல் இருப்பது முன்னும் பின்னும் அடைத்து வைத்திருக்கிற மிதவைப் பெட்டிகளால்தான்.

அந்தப் பெட்டிக்குள் ஃபோம் இருக்கும், இல்லையென்றால் தெர்மாகோல் இருக்கும். தெர்மாகோலில் ஒரு வில்லங்கம் உண்டு: பெட்ரோல் பட்டால் கரைந்துவிடும், ரெசினில் இருக்கிற ஸ்டைரீன் பட்டாலும் கரையும். நல்ல மேஸ்திரி அதைப் பாலிதீனில் சுற்றி வைத்து அடைப்பார். அவசரத்தில் கட்டிய படகில் அப்படியே போட்டு மூடியிருப்பார்கள். மேலே ஒரு போல்ட் துளையோ, தளத்தில் ஒரு வெடிப்போ இருந்தால் வருஷக்கணக்கில் தண்ணீர் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது.

எப்படிப் பார்ப்பது? பெட்டிக்கு அடைப்பு இருந்தால் திறக்கச் சொல்லுங்கள். படகைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று அப்போதே தெரிந்துவிடும். அடைப்பே இல்லாத படகு என்றால் ஒரு சிறு துளை போட அனுமதி கேளுங்கள், விரல் தடிமன் போதும், பிறகு மேட், அதாவது கண்ணாடி நார் விரிப்பு, வைத்து அடைத்துக் கொடுக்கிறேன் என்று சொல்லுங்கள். நல்ல படகு விற்கிறவர் சம்மதிப்பார். "அதெல்லாம் வேண்டாம், நான் சொல்கிறேன் இல்லையா" என்றால் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். எனக்கு விற்றவர் அப்படித்தான் சொன்னார், நானும் தலையாட்டினேன்.

இன்னொரு வழி, படகை ஏற்றி இறக்குகிற ஆட்களிடம் கேட்பது. எட்டுப் பேர் தள்ளிய படகுக்கு இப்போது பத்துப் பேர் தேவைப்படுகிறது என்றால் தண்ணீர் குடித்திருக்கிறது என்று அர்த்தம். அந்த ஊர்ப் பையன்களுக்கு இது விற்கிறவரைவிட நன்றாகத் தெரியும், ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் சொல்லிவிடுவார்கள்.

தட்டுங்கள், தடவுங்கள், படுத்துப் பாருங்கள்

காலை வெயில் சாய்வாக விழும்போது போங்கள், உச்சி வெயிலில் வேண்டாம். சாய்ந்த வெளிச்சத்தில் படகின் பக்கத்தில் கன்னத்தை ஒட்டினாற்போல் வைத்து நீளவாக்கில் பார்த்தால் மேடு பள்ளம், பழைய ஒட்டு எல்லாம் தெரியும். புதுப் பெயின்ட் அடித்திருந்தால் ஒரு படி அதிகமாகச் சந்தேகப்படுங்கள்.

அப்புறம் ஒரு பத்து ரூபாய் நாணயமோ சின்ன மரச் சுத்தியலோ எடுத்துக்கொண்டு, அணியத்திலிருந்து ஒரு சாணுக்கு ஒரு தட்டு என்று தட்டிக்கொண்டே வாருங்கள். கெட்டியான இடத்தில் ‘டக் டக்’ என்று சுருக்கமாகக் கேட்கும். நார் அடுக்கு விட்டுப்போன இடத்தில் ‘தொப் தொப்’ என்று செத்த சத்தம் வரும். பத்துத் தட்டில் காது பழகிவிடும். சத்தம் மாறுகிற இடத்தையெல்லாம் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள், விலை பேசும்போது அந்த வட்டங்களே பேசும். எல்லா வட்டமும் ஆபத்து இல்லை. மேலே விளிம்பில் ஒரு வட்டம் என்றால் கவலை வேண்டாம். அடியில் முன்பாதியில், அலை வந்து அறைகிற இடத்தில் வட்டம் வட்டமாக விழுந்தால், அந்தப் படகைக் காற்றுக் காலத்துக்கு நம்ப முடியாது.

அடியில் மையக் கட்டையை, ஏரா என்போமே, அதைத் தனியாகப் பாருங்கள். வருஷம் முழுக்க மணலில் இழுபட்டதில் அது தேய்ந்து நார் வெளியே தெரியும், அதிலும் அமரத்துப் பக்கம். நகத்தால் சுரண்டினால் இழை இழையாக வருகிறதென்றால் தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டிருக்கிறது. இது சரிசெய்யக்கூடிய விஷயம்தான், காயவைத்து, தேய்த்து, புது மேட் போடலாம், ஆனால் நன்றாகக் காயாமல் மேலே ரெசின் பூசினால் ஆறு மாதத்தில் பெயர்ந்துவிடும். நட்சத்திரம் மாதிரி ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் கீறல்கள் அடி வாங்கிய இடம். பக்கவாட்டில் இணை இணையாக ஓடும் கீறல்கள் அதைவிட மோசம், அந்த இடத்தில் படகு ஒவ்வொரு அலைக்கும் வளைந்து நிமிர்கிறது என்று அர்த்தம். உள்ளே அந்த இடத்தில் குறுக்குச் சட்டம் விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள்.

உள்பக்கம் பெயின்ட் இல்லாமல் வெறுமனே இருக்கிற படகு என்றால் உங்கள் அதிர்ஷ்டம். ஒருவர் வெளியிலிருந்து சக்தியான டார்ச் அடிக்க, நீங்கள் உள்ளே போர்வை மூடிக்கொண்டு பாருங்கள். நிறம் சேர்க்காத இடங்களில் வெளிச்சம் ஊடுருவும். எங்கே அதிகமாக வருகிறதோ அங்கே தகடு மெலிசு, எங்கே கறுப்பாகத் திட்டுத் திட்டாக இருக்கிறதோ அங்கே ஒட்டு.

பின்பலகையை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெளி இன்ஜின் மாட்டுகிற படகில் முழு உந்துவிசையும் அந்தப் பலகையில்தான் விழுகிறது, அதன் உள்ளே பிளைவுட் இருக்கும், போல்ட் துளை வழியாகத் தண்ணீர் போய் அது அவிந்துபோயிருக்கும். இன்ஜின் மாட்டியிருக்கும்போதே அதன் காலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், இன்னொருவர் பலகையும் பக்கச் சுவரும் சேரும் மூலையைப் பார்க்கட்டும்: இழையளவு அசைந்தாலும் உள்ளே மரம் போய்விட்டது. போல்டை இறுக்கிய இடத்தில் குழி விழுந்திருந்தாலும் அதே கதைதான். நடுக்கடலில் பின்பலகையோடு இன்ஜின் பெயர்ந்து விழுந்த படகை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அன்றைக்குக் கடல் அமைதியாக இருந்ததால் இழுத்து வந்தோம்.

மரப்படகு பார்க்கிறவர்களுக்கு ஒரு வரி: அங்கே தட்டுவதைவிடக் கத்தி முனைதான் பேசும். நீர்க்கோட்டுக்குக் கீழே, ஏராவை ஒட்டி, பலகை இணைப்பில் குத்திப் பாருங்கள், வெண்ணெய் மாதிரி இறங்கினால் கப்பல் புழு உள்ளே குடியிருக்கிறது. மற்றதை உங்கள் ஊரில் படகு கட்டுகிற ஓடாவியைக் கூட்டிப் போய்த்தான் பார்க்க வேண்டும், அதைக் கட்டுரையில் சொல்லித்தர முடியாது.

ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள்

இந்த ஒரு விஷயத்தில்தான் பழகினவர்களே ஏமாறுகிறார்கள். மெதுவாக, தாலாட்டுகிற மாதிரி ஆடுகிற படகு நல்ல படகு என்று நினைக்கிறோம், ஏனென்றால் நிற்கச் சுகமாக இருக்கிறது. வெடுக் வெடுக்கென்று ஆடுகிற படகு மோசம் என்று ஒதுக்குகிறோம். உண்மை பெரும்பாலும் தலைகீழ். சாய்ந்த படகைத் திரும்ப நிமிர்த்துகிற சக்தி எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேகமாக அது நிமிரும். மெதுவாக ஆடுவது என்றால் நிமிர்த்துகிற சக்தி குறைவு. சாய்ந்து, யோசித்து, நிமிர்கிற படகு ஒரு நாள் யோசித்துக்கொண்டே இருந்துவிடும்.

மிதக்கும் படகைக் கட்டியிருக்கிற கயிற்றைத் தளர்த்திவிட்டு, யாரும் பிடிக்காமல், பக்கவாட்டில் நன்றாக ஒரு அழுத்து அழுத்தி ஆட்டிவிடுங்கள். ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் போய், மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தால் ஒரு ஆட்டம். கைபேசியில் நேரம் பார்த்து நாலைந்து ஆட்டத்துக்கு எண்ணி வகுத்துக்கொள்ளுங்கள். 12 மீட்டருக்குக் குறைந்த, தளம் போட்ட மீன்பிடி படகுகளுக்கு ஒரு விரல்கணக்கு இருக்கிறது: ஒரு ஆட்டத்துக்கு ஆகும் நொடி, படகின் அகலத்தை மீட்டரில் அளந்த எண்ணைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 6 அடி அகலம் என்றால் 1.8 மீட்டர், ஒரு ஆட்டம் ஒன்றரை நொடியில் முடிந்தால் சரி, இரண்டு நொடியைத் தாண்டினால் ஏன் என்று கேட்க வேண்டும். திறந்த படகுக்கு இதை அப்படியே தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது, ஆனால் ஒரே கரையில் நாலு படகை இப்படி ஆட்டிப் பார்த்தால் எது சோம்பேறி என்று தெரிந்துவிடும்.

சோம்பேறியானதற்குக் காரணம் பெரும்பாலும் முந்தைய சொந்தக்காரர். பக்கத்தில் தண்ணீர் ஏறுகிறது என்று ஒரு அடி உயர்த்திக் கட்டியிருப்பார், ஐஸ் பெட்டியைத் தளத்துக்கு மேலே வைத்திருப்பார், வெயிலுக்குத் தகரக் கூரை போட்டிருப்பார். ஒவ்வொன்றும் பாரத்தை மேலே ஏற்றுகிறது. கூரையைக் கழற்றலாம், பெட்டியை இறக்கி வைக்கலாம், அதெல்லாம் பேரத்தில் உங்களுக்குச் சாதகம். மிதவைப் பெட்டிக்குள் போன தண்ணீரையும் ஒட்டு மேல் ஒட்டாகப் போட்ட ரெசினையும் அப்படிச் சுலபமாகக் கழற்ற முடியாது.

உள்ளே நிற்கிற தண்ணீரைப் பற்றி ஒரு கணக்கு. 5 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம் உள்ள தளத்தில் நாலு அங்குலம் தண்ணீர் நின்றால் அது 600 லிட்டர், அதாவது 600 கிலோ. அந்த 600 கிலோவும் ஒரே இடத்தில் இருக்காது, படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஓடி இன்னும் சாய்க்கும். குறுக்குத் தடுப்பு இல்லாமல் முன்னிலிருந்து பின்வரை ஒரே தொட்டியாக இருக்கிற படகு எனக்குப் பிடிக்காததற்கு இதுதான் காரணம். பிடித்த மீனும் அப்படித்தான், கட்டாமல் குவித்து வைத்தால் ஒரு பக்கமாகச் சரியும். தடுப்புப் பலகை செருகுவதற்கான காடி இருக்கிறதா, கையை விட்டுத் தண்ணீர் இறைக்கத் தாழ்ந்த மூலை ஒன்று இருக்கிறதா, பாருங்கள்.

இன்ஜின்

இன்ஜினுக்கு மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள், நான் கரடு கடலுக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன். குளிர்ந்து கிடக்கிற இன்ஜினை உங்கள் கண் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்; நீங்கள் போவதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். பெட்ரோலில் எடுத்து மண்ணெண்ணெய்க்கு மாற்றியதும் தடுமாறுகிறதா என்று கவனியுங்கள். பிறகு பத்து நிமிஷம் மிக மெதுவாக ஓடவிட்டு, சட்டென்று முழுசாகத் திருகுங்கள். கரையடி அலைக்கு வெளியே நின்று, நல்ல இடைவெளி பார்த்து, ஒரே மூச்சில் உள்ளே ஓடி வருவது இந்த மாதிரிதான். அந்த இடத்தில் இருமி அணைகிற இன்ஜின், மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும், வேண்டாம். கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. குளிர்விக்கும் தண்ணீர் ஒழுங்காகப் பீய்ச்சுகிறதா பாருங்கள்.

தண்டின் நீளமும் பின்பலகையின் உயரமும் பொருந்த வேண்டும். குட்டைத் தண்டுக்கு 15 அங்குலப் பலகை, நீளத் தண்டுக்கு 20 அங்குலம் என்பது வழக்கம். உயரமான பலகையில் குட்டைத் தண்டு மாட்டியிருந்தால் அமைதியான தண்ணீரில் ஒன்றும் தெரியாது, அலையில் பின்பக்கம் தூக்கும்போது தண்ணீரைத் தள்ளுகிற இன்ஜின் காற்றாடி வெறும் காற்றில் சுற்றி உறுமும், பிடிப்பே இருக்காது. குட்டைத் தண்டுக்காகப் பலகையை வெட்டித் தாழ்த்தியிருக்கிற படகு இன்னும் ஆபத்து, அந்த வெட்டு வழியாகத்தான் பின் அலை உள்ளே வரும். நீளமான தண்டின் முனையில் காற்றாடி வைத்த லாங் டெயில் டீசல் இன்ஜின் என்றால் இன்ஜின் உட்கார்ந்திருக்கிற கட்டையைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா என்று தடவுங்கள், அதிர்வில் முதலில் விடுகிற இடம் அது.

தண்ணீரில் இறக்காமல் காசு கொடுக்காதீர்கள்

இதுவரை சொன்னதெல்லாம் தேறிய படகைத்தான் கடலுக்குக் கொண்டுபோக வேண்டும். கொஞ்சம் காற்று இருக்கிற நாளாகப் பாருங்கள், ஆனால் வானிலைத் துறை மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று எச்சரித்த நாளில் இந்த வீரமெல்லாம் கூடாது. மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறுகிற நேரம் பெரும்பாலும் போதும். எல்லோரும் உயிர்காப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 இரண்டும் கைபேசியில் இருக்கட்டும், இன்னொரு படகைக் கண்ணெட்டும் தூரத்தில் வரச் சொல்லுங்கள்.

வெறும் படகாகப் போகாதீர்கள். வலையும் மீனும் எவ்வளவு எடை வருமோ அவ்வளவுக்கு மணல் மூட்டை ஏற்றிக்கொள்ளுங்கள், நன்றாகக் கட்டி. கரையை விட்டு விலகியதும் இன்ஜினை மெதுவாக்கி, கூட வந்த நாலு பேரையும் வலை இழுக்கிற பக்கமாக நிற்கச் சொல்லுங்கள். தண்ணீருக்கும் விளிம்புக்கும் நடுவில் கையை விரித்து அளந்து பாருங்கள். ஒரு சாண்கூட மிச்சமில்லையென்றால் வலை கனமாக வருகிற நாளில் அந்தப் பக்கம் தண்ணீர் மொள்ளும்.

அப்புறம் அலைக்கு எதிராக ஓட்டுங்கள், பிறகு குறுக்காக, பிறகு அலையோடு. குறுக்கே நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டு ஐந்து நிமிஷம் சும்மா மிதந்து பாருங்கள், ஒரு நாள் இன்ஜின் நின்றுபோனால் படகு இப்படித்தான் கிடக்கப் போகிறது. அலையோடு ஓடும்போதுதான் கவனம் அதிகம் வேண்டும். படகு தானாக ஒரு பக்கம் திரும்பப் பார்க்கிறதா, சுக்கானையோ இன்ஜின் கைப்பிடியையோ பிடித்திருக்கிறவர் ஓயாமல் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறதா, அமரம் அலைக்குமுன் எழும்புகிறதா, அலை வந்த பிறகு எழும்புகிறதா? மணல் மூட்டையை ஒரு முழம் முன்னால் நகர்த்தி மறுபடி ஓட்டிப் பாருங்கள். அதில் சரியானால் பாரம் வைக்கிற இடம்தான் கோளாறு. சரியாகவில்லை என்றால் கோளாறு படகில்.

திரும்பி வந்து கரையேற்றியதும் உடனே கிளம்பிவிடாதீர்கள். அரை மணி நேரம் உட்கார்ந்து எங்கிருந்தெல்லாம் தண்ணீர் கசிகிறது என்று பாருங்கள். வெளியே காய்ந்த பிறகும் ஒரு வெடிப்பிலிருந்து சொட்டு சொட்டாக வந்துகொண்டே இருந்தால் அது உள்ளே போன தண்ணீர்.

காகிதமும் நேரமும்

ஃபைபர் படகுக்கும் பதிவு உண்டு. எண்ணில் ‘எம்ஓ’ என்று இருந்தால் இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகு, ‘எம்எம்’ என்றால் விசைப்படகு. படகில் எழுதியிருக்கிற எண்ணும் பதிவுச் சான்றும் இன்ஜின் எண்ணும் விற்கிறவர் பெயரும் ஒன்றாக இருக்கிறதா பார்த்துவிட்டு, மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் பெயர் மாற்றம் எப்படி என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மானியத்தில் வந்த படகா, சங்கத்திலோ வங்கியிலோ கடன் பாக்கியா, ஊர்ப் பஞ்சாயத்தில் வரி பாக்கியா என்பதையும் சேர்த்தே கேளுங்கள். பதிவு மாறாமல் ஓட்டினால் மானிய மண்ணெண்ணெயிலிருந்து விபத்து நிவாரணம் வரை எல்லாவற்றுக்கும் பழைய சொந்தக்காரர் வீட்டு வாசலில் நிற்க வேண்டி வரும்.

வாங்கத் தோதான நேரம் என்று கேட்டால், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் அவசரமாக வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். நான் செய்த தப்பு அது. தை, மாசியில் பார்த்தால் அந்தப் படகு மழைக்காலம் முழுக்க உழைத்துவிட்டு வந்திருக்கும், அதன் குறையெல்லாம் அப்போது மேலே தெரியும், ஒட்டுப்போட்டு மறைக்க அவர்களுக்கு நேரமும் இருந்திருக்காது. விசைப்படகு பார்க்கிறவர்களுக்குக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் நல்ல சமயம், படகெல்லாம் கரையேறி அடி தெரிய நிற்கும்.

நான் இரண்டாவதாக வாங்கிய படகு பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. பெயின்ட் உரிந்து, பக்கத்தில் மூன்று ஒட்டு, ஒவ்வொரு ஒட்டையும் எப்போது எதனால் போட்டது என்று விற்றவரே விரல் வைத்துச் சொன்னார். பின்பெட்டி அடைப்பை நான் கேட்பதற்கு முன்பே திறந்து காட்டினார், உள்ளே தூசிதான் இருந்தது. வீட்டுக்காரிக்கு அதைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. மாசியில் வாங்கியதை அப்படியே ஓட்டி, அடுத்த மழைக்காலம் முழுக்கத் தொழில் செய்தேன். பெயின்ட் அதற்கப்புறம் வந்த சித்திரையில்தான் அடித்தேன்.